எக்ஸ்ஆர் பூட்டு... யாரை ஏமாற்ற?

காலேஜ் லேபில் சி ப்ரோக்ராம் கற்றுக்கொண்ட பையன் முதலில் காட்டும் வித்தை, ஒரு ஃபைலை எக்ஸ்ஆர் போட்டுவிட்டு "என்கிரிப்ட் பண்ணிட்டேன்" என்று சொல்வது. விளையாட்டாக இருக்கும்வரை தப்பே இல்லை. அதே பையன் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஓர் அடகுக்கடைக்கு 'பாதுகாப்பான' கணக்கு சாஃப்ட்வேர் என்று அதை விற்றால்? வைத்தவர் பெயர், எத்தனை பவுன், எவ்வளவு கடன்... ஊரே படிக்கலாம்!

சமாச்சாரம் இதுதான். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. அதே சாவியால் மறுபடி எக்ஸ்ஆர் செய்தால் பழையது திரும்பி வந்துவிடும். பூட்டவும் திறக்கவும் ஒரே வரிதான். அழகுதான், யார் இல்லை என்றது?

ஆனால் தமிழில் எழுதினால் மானம் போகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. 'புதுக்கோட்டை' என்ற சொல்லுக்கு 36 பைட், அதில் 12 இடத்தில் 224. பெரிய இசட்டை (அதாவது 90) சாவியாகப் போட்டால் அந்த 12 இடத்திலும் 186 வந்து வரிசையாக நிற்கும். 186-ஐ 224-உடன் எக்ஸ்ஆர் செய்தால்... 90. சாவி கையில்! கம்ப்யூட்டர்கூட வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும்.

"சாவியை நீளமா வச்சா?" என்று கேட்பார்கள். பழைய எக்செல் ஃபைலுக்குள் பூஜ்ஜியம் வரிசை வரிசையாகக் கிடக்கும். பூஜ்ஜியத்தோடு எக்ஸ்ஆர் செய்தால் சாவியே அப்படியே வெளியே வந்து விழும். அதுவும் இல்லையா, கணக்கில் 'வரவு' என்ற சொல் எங்காவது இருந்தே தீரும் (பிகாம் முதல் வருஷத்துக்கே தெரியும்). தெரிந்த சொல் ஒன்றை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தால் சாவியின் துண்டு சிக்கிவிடும்.

பெரிய கம்பெனியும் யோக்கியமில்லை. எக்செல் 95-ன் பாஸ்வேர்ட் பூட்டு வெறும் எக்ஸ்ஆர் மறைப்புதான். பிறகு ஆர்சி4-க்கு மாறினார்கள். அதிலும் ஃபைலைத் திருத்திச் சேமித்தால் அதே சாவி வரிசை திரும்ப வருகிறது என்று 2005-ல் ஹோங்ஜுன் வூ காட்டினார். இரண்டு பிரதியையும் ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் செய்தால் சாவி அடிபட்டுப் போய்விடும்.

எக்ஸ்ஆர் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. செய்தி அளவுக்கே நீளமான, முழுக்கத் தாறுமாறான சாவியை ஒரே ஒரு முறை பயன்படுத்தினால் உடைக்கவே முடியாது என்று ஷானன் 1949-லேயே நிரூபித்தாயிற்று. அவ்வளவு நீளச் சாவியை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் தலைவலி. ஏஇஎஸ்ஸிலும் எக்ஸ்ஆர் உண்டு, குறைந்தது 10 சுற்றுக் கலக்கலுக்கு நடுவே. அது இலவசமாகவே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு நாலு வரி எக்ஸ்ஆரைக் காசுக்கு விற்க வருகிறவரிடம் கடைக்காரர் ஒன்று கேட்கலாம்: 'புதுக்கோட்டை' என்று மட்டும் டைப் அடித்து, பூட்டி, ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டச் சொல்லலாம்.