ஒரே ஆப்... இரண்டு ஈவென்ட் லூப்! ‘டைமர்’ ஷார்ட்கட் ஏன் வேண்டாம்?

விண்டோஸில் ஓர் ஆப் 5 விநாடி பதில் சொல்லாமல் இருந்தால், மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிடும். யூசர் முதலில் திட்டுவது இன்டர்நெட்டை. பல நேரம் குற்றவாளி ஆப்புக்குள்ளேயே ஓடும் ஈவென்ட் லூப்தான்.

அது என்ன ஈவென்ட் லூப்?

‘வேலை வரும்வரை தூங்கு, வந்ததும் முடி, மறுபடி தூங்கு’. அவ்வளவுதான். பட்டன், மெனு, விண்டோவைக் கவனிக்கும் ஜியூஐ டூல்கிட்டுக்கு இப்படி ஒரு லூப் உண்டு. நெட்வொர்க் வேலை பார்க்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கு ‘லிப்யூவி’ என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே த்ரெட்டில் ஓட்டுவது, ஒரே ஆள் இரண்டு வாசலுக்குக் காவல் இருப்பது மாதிரி. முன்வாசலில் கண்ணயர்ந்தால் பின்வாசலில் கதவு தட்டுவது கேட்காது.

விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் ஆகியவற்றுக்கு அடித்தளமான எலெக்ட்ரானுக்கும் இதே தலைவலி இருந்தது. கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டருக்காக 2013-ல் தொடங்கிய திட்டம் அது. குரோமியத்தையும் நோட்.ஜேஎஸ்ஸையும் ஒன்றாக ஓட்ட வேண்டும். குரோமியத்தின் லூப்பைத் தூக்கிவிட்டு லிப்யூவியை வைக்கலாம் என்றால், மெயின் ப்ராசஸில் அது சுலபமாக இல்லை. மேக், லினக்ஸ், விண்டோஸ் என ஒவ்வொன்றுக்கும் தனி ஜியூஐ லூப். சரி, டைமர் வைத்து மாறி மாறி எட்டிப் பார்க்கலாம் என்றால், சும்மா இருக்கும்போதும் சிபியு ஓடிக்கொண்டே இருந்தது. சில வேலைகள் தாமதமும் ஆயின.

கடைசியில் கைகொடுத்தது, பின்வாசலுக்கு ஒரு வாட்ச்மேன். லிப்யூவிக்கு ஏதாவது வருகிறதா என்று தனி த்ரெட் ஒன்று காத்திருக்கும். வந்ததும் மெயின் த்ரெட்டுக்குக் குரல் கொடுக்கும். வேலையை அது தொடாது. செய்வது மெயின் த்ரெட்தான்.

இத்தனைக்குப் பிறகும், பைத்தானில் டிகின்டரையும் அசின்க்ஐஓவையும் சேர்க்கும் பலர் முதலில் பிடிப்பது அந்த டைமரைத்தான். கேட்டால், ‘ஒர்க் ஆகுதே பாஸ்’ என்பார்கள். ஆகும்தான். ஆனால் 10 மில்லி விநாடி டைமர் என்றால், யாரும் எதையும் தொடாதபோதும் விநாடிக்கு 100 முறை சிபியுவைத் தட்டி எழுப்புகிறது. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஓகே. நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஆபீஸ் ஆப்பில், பேட்டரிக்கான பில்லைக் கட்டுவது யூசர்.

க்யூடியில் எழுதுபவர்களுக்கு இந்தச் சாக்கும் இல்லை. பைசைடு6-ல் உள்ள க்யூடிஅசின்க்ஐஓ, அசின்க்ஐஓவை க்யூடியின் லூப் மேலேயே ஓட்டுகிறது. டிகின்டர் என்றால் அசின்க்ஐஓவைத் தனி த்ரெட்டில் விடலாம். ஆனால் அங்கிருந்து பட்டனையோ லேபிளையோ நேரடியாகத் தொடக் கூடாது. மெயின் த்ரெட்டிலேயே 6 விநாடிக் கணக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் மட்டும், எந்த வாட்ச்மேனாலும் காப்பாற்ற முடியாது.