எழுத்துரு வார்க்கக் கற்போம்!

தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூல் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. அதன் எழுத்துகளை வார்ப்பித்தவர்கள் ஐரோப்பியத் துறவியர். 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் செருமனியின் ஆல்லே நகரில் உருவானவை. அவை அளவிற் பெருத்துத் தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் பின்னர்த் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பெற்றன. தம் சமயம் பரப்பவே அவர்கள் அதைச் செய்தனர். ஆயினும் செய்தனர்! நம் எழுத்தை நாமே வடிக்கும் வாய்ப்பு இன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், யாரோ ஆக்கித் தந்த உருக்களைக் கொண்டே நம்முள் பெரும்பாலோர் மேடைப் பதாகை முதல் மணவழைப்பு வரை நிறைவு கொள்கின்றோம்.

ஈய எழுத்துக் காலத்தில் வெட்டச்சும் வார்ப்படமும் பட்டறையும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கணினி போதும். 'பாண்ட்போர்சு' என்னும் எழுத்துருவாக்க மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. அதனைக் கையாளக் கற்பிக்கும் நூலொன்றும் இணையத்தில் விலையின்றியே உள்ளது, ஆங்கிலத்தில்தான். அதைத் தமிழாக்கும் பணி நம் இளைஞர்க்குக் காத்துக் கிடக்கின்றது.

எத்துணை வடிவங்கள் வரைய வேண்டும்? இருநூற்று நாற்பத்தேழு என்று மலைக்க வேண்டா. உயிர் 12, ஆய்தம் 1. அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்னும் ஆறு வரிசைக்கும் பதினெட்டுப் பதினெட்டாக 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, ஔகாரக்குறி என 5. ஆக 126. பெரியார் 1935-இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களை 1978-இல் தமிழக அரசு ஏற்றமையால், ணா, றா, னா, னை போன்றவற்றிற்குத் தனியுரு வரையும் சுமையும் நீங்கியது.

உண்மையான உழைப்பு உகர, ஊகார வரிசைகளில்தான் இருக்கின்றது. உகரத்தை உற்று நோக்குக: கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் ஒருவகைச் சுழிப்பு, ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழிறங்கும் கோடு, ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே மடங்கி வலப்புறம் ஏறுவன. மூன்று வால்களைச் செம்மையாக வரைந்துகொண்டால் பதினெட்டும் அவற்றிலிருந்து பிறக்கும். ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தனிப்போக்குடையன. இவ்வொழுங்கை அயலாரினும் நன்கறிந்தவன், சிறுவனாய் மணலில் எழுதிப் பழகிய தமிழனல்லனா? உரோமன் எழுத்தின் உயரத்திற்குள் ணூவையும் னூவையும் பிழிந்து திணித்தால், சுழிகள் அடைபட்டுக் கருந்திட்டாகும். அத்தகைய உருக்களை நாள்தோறும் கண்டு கண்கள் கூசுகின்றன.

வரைவதற்கு முன் எழுத்தின் உயரத்தை ஆயிரம் அலகாகப் பகுத்துக் கொள்க. வளைவின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைகளில் மட்டுமே புள்ளிகளை இடுக. புள்ளி மிகுந்தால் வளைவு நெளியும். முதலில் ட, ப, ம, ய என நேர்கோடு மிகுந்தவற்றை வரைந்து தடிப்பை உறுதி செய்க. க, த, ழ, ண பின்னர் வரலாம்.

கணினி 'கெ' என்பதைக் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமித்துக் காட்டும்போது கொம்பை முன்னே நிறுத்துகின்றது. இவ்விடமாற்றத்தை எழுத்தடுக்கும் பொறியே செய்துவிடும். ககரமும் உகரக் குறியும் சேர்ந்தால் 'கு' என்னும் உருவைக் காட்டுக என்னும் கட்டளையையோ, எழுத்துருவை ஆக்குபவரே எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஒருங்குகுறியை விட்டு விலகற்க! முன்னர் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியமைப்பைக் கொண்டிருந்தமையால், அவ்வுரு இல்லாத கணினியில் அத்தமிழ் வெறுங்குப்பையாய்த் தோன்றும். அவ்வாறு முடங்கிய நூற்கோப்புகள் பல. 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறியில் தமிழுக்கு இடமுண்டு. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றது.

கற்பதற்கு மற்றுமொரு வழி, திறந்த உரிமத்தில் வெளிவந்துள்ள நோட்டோ, மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்களை அதே மென்பொருளில் திறந்து, புள்ளி புள்ளியாகப் பார்ப்பது. அவ்வுரிமம் மாற்றவும் பகிரவும் இசைகின்றது. ஒதுக்கப்பட்ட பெயர் இருப்பின், மாற்றிய உருவிற்கு வேறு பெயர் சூட்ட வேண்டும். நல்ல தமிழ்ப் பெயராகவே சூட்டுக. பின்னர் ஒரு பக்கத்தைச் சிறிய அளவில் தாளில் அச்சிட்டு, கண்ணாடியணிந்த முதியவர் ஒருவரிடம் படிக்கத் தருக. அவர் எங்கே தடுக்குகின்றாரோ, அந்த எழுத்தை மீண்டும் வரைக.