பச்சை படர்ந்த ஏரித் தண்ணீரை மாட்டுக்குக் காட்டலாமா?

வீராணம் ஏரிக் கரையோர ஊரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கோடையில் மட்டம் இறங்கினால் கரையோரத் தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்ததுபோல் ஆகிவிடுகிறது. மாட்டுக்குக் காட்டலாமா? மிச்சத் தண்ணீரை மோட்டார் வைத்து உளுந்துக்கு இறைக்கலாமா?"

மாட்டுக்குக் காட்டவே வேண்டாம். அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. காற்றில் பாசி ஒதுங்கும் கரையில்தான் நஞ்சு அதிகம். மாடு இறங்கிக் குடிப்பதும் அங்கேதான். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வையுங்கள். பாசியை அழிக்கிறோம் என்று மயில்துத்தம் கொட்டுவது இன்னும் கெடுதல். பாசி ஒரேயடியாகச் செத்து உடைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும், மீனும் மிஞ்சாது.

வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும்வரை சாக்கடையும் உரக் கரைசலும் பெருந்தண்ணீரில் கரைந்துபோகும். வரத்து நின்றபின் பாசனம், 2004 முதல் சென்னைக் குடிநீர், வெயில் என மூன்று பக்கமும் மட்டம் இறங்கும். ஊர்ச் சாக்கடை மட்டும் நிற்பதில்லை. வெயிலில் ஆவியாவது தண்ணீர்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏரியிலேயே தங்கும். ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும், காற்றடித்தால் அடிச்சேறும் கலங்கும். பாசிக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் கிடைக்காது.

அப்படியானால் ஏரியை எப்போதும் நிரப்பியே வைக்கலாமே என்றால், அதுவும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் அரியலூர்ப் பக்கமிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வெள்ளம் இறங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடும் தண்ணீரில் கீழே நட்ட சம்பா மூழ்கும். மழையில் சற்று இறக்கி, மழை ஓய்ந்ததும் ஏற்றி வைப்பதே சரி.

உளுந்து விஷயம். ஏரியில் நேரடியாக மோட்டார் வைக்க நீர்வளத் துறை அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். உளுந்து உப்பு தாங்காத பயிர். வற்றிய தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவருகிறது என்று அர்த்தம்; அதற்குமேல் ஒரு வாளிகூட இறைக்கக் கூடாது.

ஆயக்கட்டு வயலின் உரம் ஏரிக்குத் திரும்புவதில்லை. மேலே ஓடைக்கரையில் பயிர் வைத்திருப்பவர்கள்தான் யூரியா தூவியபின் 3 நாளாவது வடிகாலை அடைத்து வைக்க வேண்டும். ஆகாயத்தாமரை கண்ணில் பட்டால் பூக்குமுன் அரித்து, கரைக்கு வெளியே குவித்து மட்க வையுங்கள். மருந்தடித்துத் தண்ணீரிலேயே அழுகவிட்டால் மீனுக்குத்தான் ஆபத்து.

சுத்தமான பாட்டிலில், கரையிலிருந்து தள்ளி, பாசி ஒதுங்காத இடத்தில் 1 லிட்டர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் பயிருக்குப் பயமில்லை. பாசி நஞ்சு இந்தச் சோதனையில் தெரியாது. மாடு ஏற்கெனவே குடித்துவிட்டு நடை தள்ளாடினாலோ, மேயாமல் நின்றாலோ கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.