ஏறி இருக்கத் தெரியும், தண்ணி வைக்கத் தெரியாது

லெக்சர் இல்லாத பின்னேரங்களில் நாங்கள் போய் இருக்கிற இடம் ரேஸ்கோர்ஸ். கம்பஸிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பழைய பார்வையாளர் மண்டபத்துக்குக் கீழே இப்ப கடைகள், காப்பி, ஐஸ்கிரீம். ஒரு நாளைக்குப் பத்துத்தரம் 'ரேஸ்கோர்ஸ்' எண்டு சொல்லுறோம். அங்கே ஒரு குதிரைகூட இல்லை எண்டது எங்களில் யாருக்கும் உறைக்கிறதில்லை.

முந்தி காலிமுகத்திடலில் ஓடின குதிரைகள் 1893இல் இந்த மைதானத்துக்கு வந்தன. இரண்டாம் உலகப்போரில் இது விமான ஓடுதளமானது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ஹரிகேன் விமானங்கள் இந்தப் புல்லிலிருந்துதான் எழும்பின. 1956க்குப் பிறகு கொழும்பில் பந்தயம் நின்றது. இந்தக் கதையில் கவர்னர் இருக்கிறார், தொப்பி போட்ட துரைமார் இருக்கினம், வென்ற குதிரையின் பேர்கூட இருக்கிறது. விடிய நாலு மணிக்கு எழும்பி அந்தக் குதிரையின் சாணி அள்ளினவர் எங்கே?

அவருக்கு ஒரு பேர் இருந்தது. 1886இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் 'ஹோர்ஸ்கீப்பர்' எண்டு ஒரு சொல் இருக்கிறது. வட இந்தியாவில் 'சைஸ்' எண்டு சொல்லுகிற ஆளை மதராசிலும் இலங்கையிலும் இப்படித்தான் கூப்பிட்டார்கள் எண்டு அது சொல்லுகிறது. எங்கட வாயில் அவர் குதிரைக்காரன். சொல் அகராதிக்குள் போனது. ஆள் எந்தப் புத்தகத்துக்குள்ளும் போகவில்லை.

இதை ஏன் இப்ப கிண்டுகிறாய் எண்டு கேட்பீங்கள். அந்த ஆளை நாங்கள் இன்றைக்கும் அப்படியேதான் வைத்திருக்கிறோம். போன வருடம் இரண்டு பயணத்தில் அதைக் கண்ணால் கண்டேன்.

முதல் பயணம் ஏப்ரலில், நுவரெலியா. அங்கே 1875இலிருந்து பந்தயத்திடல் இருக்கிறது, ஏப்ரல் சீசனுக்குக் குதிரை ஓடும். ஆனால் எங்களைப் போன்ற ஆட்கள் காணுகிற குதிரை அது இல்லை. கிறகரி வாவிப் பக்கம் சேணம் கட்டி நிற்கிற மட்டக்குதிரைதான். எங்கட செட்டில் ஒருத்தன், நல்ல தண்டியான பெடியன், ஏறி இருந்தான். குதிரை ஒரு அடி பின்னுக்கு வைத்தது. கயிறு பிடித்திருந்த அண்ணா மெதுவா, "தம்பி, நீங்கள் நடந்து வாங்கோ, தங்கச்சியை ஏத்துவம்" எண்டார். எங்கட ஆளுக்குக் கோபம். "காசு தாறன்தானே!" அண்ணா ஒண்டும் சொல்லாமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவருக்கு அந்தக் காசு தேவைப்பட்டது.

கணக்கைப் பார்ப்போம். குதிரையின் முதுகில் ஏறுகிற பாரம், சேணமும் சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது எண்டது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லுகிற அளவு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. எங்கட பெடியன் 85. அண்ணாவுக்கு இந்தக் கணக்கு எழுத்தில் தெரியாமல் இருக்கலாம், ஆனால் குதிரை பின்னுக்கு வைத்த அடியிலேயே அவர் அதை வாசித்துவிட்டார். காசு குடுத்த நாங்கள்தான் அவரை வாய் திறக்க விடவில்லை.

திரும்பி வந்ததும் எங்கட முற்போக்கு நண்பர்கள் தீர்ப்பு எழுதினார்கள்: "இந்தக் குதிரைச் சவாரியைத் தடை செய்ய வேண்டும், அந்த ஆட்கள் கொடுமைக்காரர்கள்." எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். ஏறினது யார்? நாங்கள். கொடுமைக்காரன் யார்? கயிறு பிடித்தவன். துரைமார் காலத்துக் கணக்கு அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் மாறியிருக்கிறோம்.

சரி, நாளைக்கே தடை எண்டு வைப்போம். ஒரு குதிரை 25, 30 வருடம் உயிர் வாழும். உழைப்பு நின்ற அன்றைக்கு அதன் பசி நிற்காது. குதிரையின் இரைப்பை சின்னது. நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. கூடாததைத் தின்றால் வாந்தியும் எடுக்க ஏலாது. வயிற்றுக் குத்து வந்து விழுந்தால் சில மணித்தியாலத்தில் செத்துப்போகும். குளம்பை ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் சீவ வேண்டும். இதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? தடை போட்ட நீங்கள் குடுப்பீங்களா? இல்லையெண்டால் அந்தக் குதிரை குப்பைமேட்டில் பொலித்தீன் தின்னும். நீங்கள் அதையும் படம் எடுத்துப் போட்டு அழுவீங்கள்.

அதுக்காக இப்படியே விடச் சொல்லவில்லை. பாரத்துக்கு அளவு வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும், மிருக வைத்தியர் மாதம் ஒருக்கால் வர வேண்டும். ஆனால் சட்டத்தைப் பாருங்கள். எங்கட நாட்டின் மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டு 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதிலே தண்டப்பணம் அதிகபட்சம் 100 ரூபா. நூறு ரூபாக்கு இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு வடையும் பிளேன்டீயும் சேர்ந்து வருவதே சந்தேகம். புதுச் சட்டத்துக்கு 2006இலேயே சட்ட ஆணைக்குழு வரைபு தயாரித்துக் குடுத்தது. அது வருடக்கணக்காக இழுபட்டது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே எண்டு சும்மா சொல்லவில்லை.

இரண்டாவது பயணம் ஓகஸ்டில், நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகு ஏறி, உப்புக் காற்றில் ஒரு மணித்தியாலம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் சந்ததி அங்கே வெட்டையில் திரியுது. ஒல்லாந்தர் அந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள், லாயம் கட்டின கல்லுத் தூண்கள் இன்னும் நிற்குது. படகில் வந்த எல்லாரின் வாயிலும் ஒரே வார்த்தை: "காட்டுக் குதிரை." சுதந்திரம், காற்று, பிடரி மயிர், பின்னுக்கு ஒரு பாட்டு.

ஓகஸ்டில் அந்தச் சுதந்திரம் எப்படி இருக்கும் தெரியுமா? விலா எலும்பை எண்ணலாம். முருகைக்கல் நிலம், மண் மெல்லிசு, மாரி மழை ஐப்பசி கார்த்திகையில்தான். நன்னீர் எண்டது கடல் நீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய படலம். நாங்கள் போனபோது ஒரு காய்ந்த பள்ளத்தைச் சுற்றி ஏழு குதிரை நின்றன. அடியில் சேறு மட்டும். ஒரு குட்டி அந்தச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஒரு அக்கா பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினா. அந்தத் தீவுக்காரர் ஒரு பெரியவர் சைக்கிளை நிப்பாட்டி, "பிள்ளை, அதுக்கு விசுக்கோத்து வேண்டாம். தண்ணி இருந்தால் ஊத்து" எண்டார். எங்களிடம் இருந்தது ஒன்றரை லீற்றர் போத்தல் மூன்று. முழு வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளைக்கு 25 லீற்றர் குடிக்கும், வெயிலில் 50ஐத் தொடும். மட்டக்குதிரைக்குக் குறையும், ஆனால் போத்தல் கணக்கில் முடியிற அலுவல் இல்லை.

ஆகவே முதலில் அந்தச் சொல்லை விடுவோம். அவை காட்டுக் குதிரைகள் இல்லை. கைவிடப்பட்ட குதிரைகள். அந்த நிலத்தில் தானாய்த் தோன்றின பிராணி இல்லை. ஒரு பேரரசு தன் தேவைக்குக் கப்பலில் கொண்டுவந்து, தேவை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனது. 'காட்டுக் குதிரை' எண்டு சொல்லும்போது எல்லாருக்கும் பொறுப்புக் கழன்று விடும், இயற்கை பார்த்துக்கொள்ளும். 'கைவிடப்பட்ட குதிரை' எண்டு சொன்னால்தான் யார் கைவிட்டது, இப்ப யார் பார்க்க வேணும் எண்ட கேள்வி வரும்.

2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வரைபடத்தில் கோடு போட்டால் கிணறு ஊறாது. அந்தத் தீவுச் சனத்துக்கே கோடையில் குடிதண்ணிக்குப் பாடு. அவையின் மாடும் அதே வெட்டையில்தான் மேயுது. கொழும்பிலிருந்து "குதிரைகளைக் காப்பாற்றுங்கள்" எண்டு கத்துகிற ஆட்கள் குடத்தோடு நிற்கிற அந்த அம்மாவை ஒருக்கால் நினைத்துப் பார்க்க வேணும். சனமா குதிரையா எண்டு கேட்கிறதே பிழையான கேள்வி. சனத்துக்குத் தண்ணி போய்ச் சேராத இடத்தில் குதிரைக்கும் போகாது. இரண்டும் ஒரே குழாய்.

எங்கட ஆட்களுக்குக் குதிரையோடு உறவே இல்லை எண்டு சொல்லாதீங்கள். சைவபாடத்தில் நரியைப் பரியாக்கின கதையைப் பாடமாக்கி மார்க்ஸ் எடுத்திருக்கிறோம். மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம் நீங்கினதால்தான் மாவிட்டபுரம் எண்டு அம்மம்மா சொல்லித் தந்தவ. கொட்டாஞ்சேனையில் ரேஸ் புக்கி வாசலில் நிற்கிற மாமாமாருக்கு இங்கிலாந்தில் ஓடுகிற குதிரையின் தாய் தகப்பன் பேர்கூடத் தெரியும். எல்லாம் இருக்கு. லாடம் அடிக்கிறது எப்படி எண்டது மட்டும் தெரியாது.

இது இன்றைக்கு வந்த வியாதியும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வருடம் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை கடல் வழியாக வாங்குகிறார்கள், வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. ஏனெண்டால் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை விற்ற வியாபாரிகள் லாடக்காரரையும் வைத்தியரையும் வேண்டுமென்றே கூட்டிவருவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். அரசன் பொன் குடுத்தான், குதிரையும் வந்தது, அறிவு வரவில்லை. எழுநூறு வருடம் கழித்து நாங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

இந்த இடத்தில் என் உண்மையான சண்டை வருகிறது. இந்த நாட்டில் குதிரை அறிவு மூன்று இடத்தில் இருக்கிறது. கொழும்பில் குதிரை வைத்திருக்கிற, சவாரி பழகுகிற வசதியான ஆட்களிடம் ஒன்று. அவை தங்களுக்குள் நல்ல சிநேகிதம், எந்தத் தீனி, எந்தச் சேணம், எந்த மருந்து எண்டு ஆங்கிலத்தில் பரிமாறிக்கொள்ளுவினம். இரண்டாவது, நுவரெலியாவில் கயிறு பிடிக்கிற அந்த அண்ணாவிடம். தகப்பனிடம் பழகினது, தமிழிலும் சிங்களத்திலும், கையால். மூன்றாவது, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் வரை தண்ணி நிற்கும் எண்டு தெரிந்த அந்த நெடுந்தீவுப் பெரியவரிடம். இந்த மூன்று பேரும் ஒரே பாயில் இருந்ததை நான் காணவில்லை. குதிரைப் பிரியர்கள் எண்டு தங்களைச் சொல்லிக்கொள்ளுகிற முதல் கூட்டம் மற்ற இரண்டு பேரையும் வேலைக்காரராகவோ குற்றவாளியாகவோதான் பார்க்குது. நட்பு நல்லதுதான். ஆனால் ஏறுகிறவனோடு மட்டும் கதைத்து, சாணி அள்ளுகிறவனோடு கதைக்காத நட்புக்கு நான் வேறு பேர் வைத்திருக்கிறேன்: கிளப்.

"சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் குதிரையைப் பற்றிக் கதைக்கிறாய்" எண்டு எங்கட தோழர்கள் சொல்லுவினம். 2022இல் வரிசையில் நின்றவள்தான் நானும். அந்த வருடம் தீனி விலை ஏறினபோது குதிரைக்காரரின் வீட்டில் யார் முதலில் சாப்பாட்டைக் குறைத்திருப்பார் எண்டு யோசியுங்கள். குதிரையைப் பற்றிக் கதைக்கிறது அந்த வீட்டைப் பற்றிக் கதைக்கிறதுதான்.

பெரிதாக ஒண்டும் கேட்கவில்லை. நாட்டில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது, நுவரெலியா அங்கிருந்து தூரமில்லை. மாணவர்கள் குளம்பு பார்க்கப் பழக இதைவிட நல்ல இடம் எது? குதிரைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமாகி, பார அளவைப் பலகையில் எழுதி வைத்தால், அந்த அண்ணா எங்களைப் போன்ற ஆட்களிடம் கெஞ்ச வேண்டி வராது, பலகையைக் காட்டலாம். நெடுந்தீவில் ஆனியிலிருந்து புரட்டாதி வரை தொட்டியில் தண்ணி நிரப்புகிற பொறுப்பைப் பிரதேச சபையும் வனஜீவராசித் திணைக்களமும் எழுத்தில் ஏற்க வேணும், சனத்தின் தண்ணிக்குப் பிறகு இல்லை, அதோடு சேர்த்து. சவாரி பழகுகிற அண்ணாமார் அக்காமார் தங்களுக்குத் தெரிந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதட்டும். மொழிபெயர்க்க ஆள் இல்லையெண்டால் கலைப்பீடத்தில் நாங்கள் சும்மாதான் இருக்கிறோம்.

எங்களுக்கும் வேலை இருக்கு. வீட்டில் தாத்தா, அப்பப்பா யாராவது லாயத்தில், ரேஸ்கோர்ஸில், தோட்டத்துத் துரையின் பங்களாவில் குதிரை பார்த்தவரா எண்டு கேளுங்கள். இருந்தால் உட்கார வைத்துக் கதை கேட்டு எழுதுங்கள். பேரோடு எழுதுங்கள்.

அந்தப் பின்னேரம் நெடுந்தீவில் மூன்று போத்தலையும் ஒரு உடைந்த பிளாஸ்டிக் பேசினில் ஊத்தினோம். ஏழு குதிரையில் குட்டியை முதலில் விட்டன. ஒரு நிமிடத்தில் பேசின் காலி. அது தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. எங்கட கையில் மிச்சம் இருந்தது ஃபோன் மட்டும்தான்.