‘ஜோக்கர்’: குப்பை தெரிகிறது, தொழிலாளர் தெரியவில்லை

2019 செப்டம்பர் 7 அன்று, 76ஆவது வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம், டாட் பிலிப்ஸ் இயக்கிய ‘ஜோக்கர்’ என்னும் ஹாலிவுட் படத்துக்கு அளிக்கப்பட்டது. முடிவெடுத்தது அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெல் தலைமையிலான நடுவர் குழு. அடுத்த ஆண்டு வாக்கீன் ஃபீனிக்ஸ் நடிப்புக்கும், ஹில்தூர் குவுத்னதோத்திர் இசைக்கும் ஆஸ்கர் பெற்றனர். அவ்விரு விருதுகளும் தகுதியானவையே. கேள்வி தங்கச் சிங்கத்தைப் பற்றியது.

படத்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. குற்றவாளி பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறான் என்கிறது படம். மனநோயுடன் வாழும் ஆர்தர் ஃபிளெக்குக்கு ஆலோசனையும் மருந்தும் தந்துவந்த அரசு அலுவலகம், நிதி வெட்டால் மூடப்படுகிறது. செய்தியைச் சொல்பவர் ஒரு கறுப்பினப் பெண் பணியாளர். மேலிருப்போருக்கு ஆர்தரைப் போன்றவர்கள் மீதும் அக்கறையில்லை, தன்னைப் போன்றவர்கள் மீதும் அக்கறையில்லை என்கிறார் அவர். படத்தின் ஆகச் சிறந்த அரசியல் தருணம் அதுதான். வேலையிழக்கும் அவரும் சிகிச்சையிழக்கும் ஆர்தரும் ஒரே கட்டமைப்பால் கைவிடப்பட்டவர்கள் என்பது அங்கே ஒரு கணம் தெளிவாகிறது. ஆனால், அந்தக் கணத்தோடு அப்பெண்ணைப் படம் மறந்துவிடுகிறது.

இந்த மறதி தற்செயலானதன்று. படத்தின் தொடக்கத்திலேயே கோதம் நகரில் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் செய்வதை வானொலி அறிவிக்கிறது. தெருவெங்கும் கறுப்புப் பைகள் குவிந்து கிடக்கின்றன. எலிகள் பெருகுவது செய்தியாகிறது. ஆனால், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர் எவருக்கும் பெயரில்லை, வசனமில்லை, கோரிக்கையில்லை. அவர்களுடைய போராட்டம், நகரம் அழுகிவிட்டது என்று காட்டுவதற்கான பின்னணி அலங்காரமாகச் சுருங்குகிறது.

அமெரிக்க வரலாற்றில் இத்தகைய வேலைநிறுத்தத்துக்கு முகம் உண்டு. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை வண்டியின் அழுத்து எந்திரத்தில் சிக்கி இறந்தனர். அடுத்த சில நாள்களில் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ‘நான் மனிதன்’ என்ற பதாகையை ஏந்தி நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் சங்க அங்கீகாரத்தையும் ஊதிய உயர்வையும் வென்றெடுத்த பிறகே போராட்டம் முடிந்தது.

சுரங்க ரயிலில் ஆர்தர் மூவரைச் சுட்டுக் கொல்லும் காட்சியும் ஒரு வரலாற்றின் மீது நிற்கிறது. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர் நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்டார். பலர் அவரை நாயகனாகக் கொண்டாடினர். 1987இல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் மட்டுமே நிரூபணமானது. அந்நிகழ்வை நினைவூட்டும் காட்சியில், சுடப்படுபவர்கள் பணக்கார நிறுவனத்தின் வெள்ளை ஊழியர்களாக மாற்றப்பட்டுள்ளனர். இதனால் இனவெறியின் வரலாறு கழுவப்பட்டு, வர்க்கக் கோபம் மட்டும் எஞ்சுகிறது. இனத்தை நீக்கிவிட்டு வர்க்கத்தைப் பேசுவதன் விளைவை, சாதியை நீக்கிவிட்டு வறுமையைப் பேசும் அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய நாம் அறிவோம்.

மற்றொரு வாதமும் உண்டு. 2019இன் இறுதியில் லெபனானிலும் சிலியிலும் போராடியவர்களில் சிலர் ஜோக்கரின் முகப்பூச்சோடு தெருவில் நின்றனர். அதைப் படத்தின் வெற்றியாகச் சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மக்களிடம் கோரிக்கைகள் இருந்தன. வரி, கட்டண உயர்வு, ஊழல், ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை எதிர்த்து அவர்கள் திரண்டனர். அரசியலைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். படம் தந்தது முகமூடியை மட்டுமே. படத்துக்குள் இருக்கும் கூட்டமோ தீவைக்கிறது, பிறகு கார் மேல் நிற்கும் ஒருவனைச் சூழ்ந்து ஆரவாரிக்கிறது. தன்னிடம் அரசியல் எதுவுமில்லை என்று அவனே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொல்லிவிட்ட பின்பும் அது நிகழ்கிறது.

தனிமனிதச் சிதைவின் சித்திரமாக ‘ஜோக்கர்’ வலுவானது. ஆனால், தங்கச் சிங்கம் ஒரு படத்தின் பார்வைக்கும் சேர்த்தே அளிக்கப்படுகிறது. ஒடுக்கப்பட்டோரின் கோபத்தைக் கடன் வாங்கி, அக்கோபத்துக்கு உரியவர்களைத் திரையிலிருந்து விலக்கிய பார்வை அவ்விருதுக்குத் தகுதியானதன்று. குப்பை அள்ளும் வேலையைப் பிறப்பின் பெயரால் சிலர் மீது சுமத்திய சமூகத்தில் வாழும் நமக்கு, இந்த வெற்றிடம் முதல் காட்சியிலேயே கண்ணில் பட வேண்டும். அடுத்த முறை ஒரு படம் மக்கள் எழுச்சியைக் காட்டினால், அதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்குப் பேச்சு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.