கேட்டதை எல்லாம் நம்பலாமா?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதருக்குச் சொன்ன இப்புத்திமதி இன்று இயந்திரங்களுக்கும் தேவைப்படுகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணினி வலையமைப்பில் செய்திகளுக்கு வழிகாட்டும் ரூட்டர் என்னும் கருவியைப் பற்றியே சொல்கிறோம்.

நாம் அனுப்பும் கடிதமோ படமோ சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒரு ரூட்டரிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்கிறது. ஒவ்வொரு ரூட்டரிலும் ஒரு வழிப்பட்டியல் உண்டு. அதை நாமே உட்கார்ந்து எழுதிவைக்கலாம். அல்லது ரூட்டர்களே தம் அண்டை ரூட்டர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள விடலாம். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான விதிகளையே ‘டைனமிக் ரூட்டிங் புரோட்டோகால்’ என்கிறார்கள்.

இரண்டாவது முறையே சிறந்தது என்பது நம் கருத்து. மூன்று ரூட்டர்களுக்குக் கையால் எழுதிவிடலாம், முப்பதுக்கு முடியுமா? நள்ளிரவில் ஒரு கம்பி அறுந்தால் யார் எழுந்து பட்டியலைத் திருத்துவது? ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறியில், அண்டை ரூட்டர்கள் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ சொல்லிக்கொள்கின்றன. 40 விநாடி குரல் வராவிட்டால், அந்த அண்டை இல்லை என்று கொண்டு வேறு வழியைத் தாமே கணக்கிடுகின்றன. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

இதை அமைப்பதும் கடினமன்று. சில வரிக் கட்டளைகளே போதும். அண்டை ரூட்டரின் பெயர் திரையில் தோன்றியதும், “வேலை செய்கிறது” என்று மகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. யாரை நம்புவது, எதுவரை நம்புவது என்று நாம் சொல்லிவைக்காத ரூட்டர், சொன்னதை எல்லாம் நம்பும் குழந்தை போன்றது.

1988-ல் ஆவணமாக வெளியான ‘ரிப்’ நெறியைப் பாருங்கள். ஓர் இடத்தோடு நேராக இணைந்த முதல் ரூட்டர், “அவ்விடம் எனக்கு 1 படி” என்கிறது. அதைக் கேட்ட அண்டை, “எனக்கு 2 படி” என்று குறித்துக்கொள்கிறது. முதல் ரூட்டரின் கம்பி அறுந்துவிடுகிறது. அப்போது அண்டை, “எனக்கு 2 படிதான்” என்று சொன்னால், முதல் ரூட்டர் அதை நம்பி 3 என்று எழுதுகிறது. அதைக் கேட்டு அண்டை 4 என்கிறது. இப்படியே 16 வரை ஏறிய பின்னரே, வழியே இல்லை என்ற உண்மை புலப்படுகிறது. தான் சொன்ன சொல்லே புதுச் செய்திபோலத் தன்னிடம் திரும்பி வந்ததை அது அறியவில்லை. வதந்தி வளர்வதும் இப்படித்தான் அன்றோ? யாரிடம் கேட்டாயோ அவரிடமே அவ்வழியைத் திருப்பிச் சொல்லாதே என்ற விதி அதனால்தான் பிறந்தது.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று, அரசின் ஆணைப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்றது பாகிஸ்தான் டெலிகாம். யூடியூப் 1,024 முகவரிகளுக்குச் சேர்த்து அளித்திருந்த அறிவிப்புக்குள், 256 முகவரிகளுக்கு மட்டும் தனி அறிவிப்பு ஒன்றை அது வெளியிட்டது. குறுகிய அறிவிப்பையே ரூட்டர்கள் தேர்ந்தெடுக்கும். அது நாட்டு எல்லையைத் தாண்டியது. மேலிருந்த நிறுவனம் சரிபார்க்காமல் பிறருக்கும் சொல்லிவிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை. போனது காணொளி என்பதால் ஆறுதல் கொள்ளலாம். அதுவே மருத்துவமனைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ செல்லும் வழியாக இருந்திருந்தால்?

“அப்படியானால் கையால் எழுதுவதே பாதுகாப்பு” என்று சிலர் வாதிடலாம். ஊரில் பொய் உண்டென்று காதையே அடைத்துக்கொள்வோமா? கேட்க வேண்டும், விசாரித்துக் கேட்க வேண்டும். அண்டை ரூட்டர்களுக்கிடையே இரகசியக் குறிச்சொல் அமைக்கலாம். மாணவியர் கணினிகள் இணையும் பக்கத்தில் ரூட்டர் ‘ஹலோ’ சொல்லத் தேவையே இல்லை, அப்பக்கத்தை மௌனமாக்கலாம். வெளியார் சொல்லும் வழிகளில் எவை ஏற்கத்தக்கவை என்று பட்டியலிடலாம். கடைசியாக, ஒரு கம்பியை நாமே கழற்றி, செய்தி மாற்று வழியில் செல்கிறதா என்று சோதிக்கலாம். இவை அரைமணி நேர வேலை. இவற்றைச் செய்யாதவர் ரூட்டரை அமைத்தவர் ஆகார். மின்சாரம் கொடுத்தவரே ஆவார்.

நம்முள் சிலர் நாளை இத்துறையில் அடியெடுத்து வைக்கலாம். அன்று, “ஓடுகிறது, போதும்” என்று எழுந்துவிடாமல், “யாரை நம்பி ஓடுகிறது?” என்று ஒருமுறை கேட்போம். நம் காதில் விழும் செய்தியை அடுத்தவருக்குச் சொல்லுமுன்னும் அக்கேள்வியையே கேட்டுப் பழகுவோமாக!