தேய்மானத்தை மறைக்காதீர்கள்

புளியந்தீவில் போன் திருத்தும் கடைக்கு வந்து, "மனே, படமெல்லாம் போயிட்டு, எடுத்துத் தரலாமா?" என்று கேட்பவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி ஒன்றுண்டு: சேமிப்புச் சில்லு தேயும்; எவ்வளவு தேய்ந்தேன் என்று கேட்டால் சொல்லவும் செய்யும். போன்களில் உள்ள சேமிப்புச் சில்லுகளுக்கான ஈஎம்எம்சி 5.0 தரத்திலிருந்து, கழிந்த ஆயுளைப் பத்துப் பத்து வீதமாக அது அறிவிக்கிறது. 11 என்று வந்தால் கணித்த ஆயுள் தாண்டிவிட்டது. பல போன்களின் உள்ளே இயங்கும் லினக்ஸ் கேர்னலில் அதை வாசித்துத் தரும் டிரைவர் நிரலும் இருக்கிறது. இத்தகைய நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். உதாரணமாக, கணினிகளில் உள்ள என்விஎம்ஈ வட்டில் தேய்மான எண் 100ஐத் தாண்டி 255 வரை போகலாம்; பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டுமென்று அதை 100இல் வெட்டும் ஒரு வரியைக்கூட அனுமதிக்கக் கூடாது. (100ஐக் கடந்த வட்டு ஓடக்கூடும், ஆனால் அதை நம்பி ஒரேயொரு பிரதியை வைத்திருப்பது ஆபத்து.) தேய்மானம் சின்ன விசயமல்ல: 2021இல் டெஸ்லா ஏறத்தாழ 135,000 கார்களைத் திருப்பி அழைத்ததற்கு, 8 ஜிபி சில்லு எழுதி எழுதித் தேய்ந்ததே காரணம். தேய்மான எண் கேர்னலுக்குள் கிடந்தால் போதாது. போன் நிறுவனங்களே, பற்றரி வீதத்தைக் காட்டும் திரையில் இதையும் காட்டுங்கள்.